மைனஸ் ஒண்ணு புள்ளி ஒம்பதுக்குக் கீழே

எங்க அண்ணியை நான் புகழ்ந்தா எங்க அண்ணனே நம்ப மாட்டான். நாத்தனார் வாயிலேருந்து நல்ல வார்த்தையா, காய்ச்சல் கீய்ச்சலான்னு நெத்தியைத் தொட்டுப் பாப்பான். பாத்துக்கட்டும். நடந்ததைச் சொல்லித்தான் ஆகணும்.

எனக்கும் அண்ணிக்கும் ஒரே ஆபீஸ், கடலை அளக்கிற ஆபீஸ். கடல்ல இறக்கப்போற தெர்மாமீட்டரை எல்லாம் குளிர்தொட்டியில முக்கி, டிகிரியில ஆயிரத்துல ஒரு பங்கு கூடப் பிசகாம சரிபாத்துக் கையெழுத்துப் போடறது என் வேலை. ஜன்னல் இல்லாத அறை, ரெண்டு தொட்டி, ஒரு ஸ்டூல். பதினாறு வருஷமா அதுதான் என் ராஜ்ஜியம். கடலுக்குப் போய் வந்த தெர்மாமீட்டருங்க பதிஞ்சு வெச்ச எண்ணை எல்லாம் கம்ப்யூட்டர்ல சலிச்செடுக்கிறது மாடியில இருக்கிற அண்ணி.

வெதுவெதுப்பான கடல்தான் எங்களுக்குப் பழக்கம். முதல் தடவையா துருவத்துக்குக் கப்பல் போச்சு. அங்கே நிலத்துலேருந்து நழுவி வந்த பனி, நூத்துக்கணக்கான மீட்டர் தடிமனா கடல் மேல மிதக்குதாம். அதோட விளிம்புல நங்கூரம் போட்டு, நீளக் கயித்துல என் தெர்மாமீட்டருங்களைக் கட்டி விட்டுட்டு வந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்துப் பாத்தா, ஆழத்துல இருந்தது மைனஸ் ரெண்டு புள்ளி ரெண்டுன்னு பதிஞ்சிருக்கு.

எங்க தலைமை அதிகாரிக்கு நாங்க வெச்ச பேரு சிவப்புமை. எதைக் குடுத்தாலும் சிவப்பு மையில ஒரு கோடு போடாம விட மாட்டாரு. என்னைக் கூப்பிட்டாரு.

"கடல் தண்ணி மைனஸ் ஒண்ணு புள்ளி ஒம்பதுலயே உறைஞ்சிடும்மா. அதுக்குக் கீழே தண்ணி ஏது? கம்ப்யூட்டரே 'கருவிப் பிழை'ன்னு சொல்லுது. திங்கக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணி உங்க அறையை மூடிடலாம். சரிபாக்கிற வேலையை வெளியில குடுத்துக்கறோம், நீங்க ஸ்டோர்ஸுக்குப் போயிடுங்க."

அதே தெர்மாமீட்டரை மறுபடி தொட்டியில போட்டுப் பாத்தேன். இம்மி பிசகல. போய்ச் சொன்னா, "இங்கே சரியாத்தான் காட்டும், ஆழத்துல தப்பாக் காட்டியிருக்கும்"ங்கிறாரு.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கத்தித் தீத்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அறிவில்லாம எவனோ ஒரு ப்ரோக்ராம் எழுதுவான், பழி என் தெர்மாமீட்டர் மேலயா?"

வெங்காயம் உரிச்சிட்டிருந்த அண்ணி கை நின்னுச்சு. "எந்த எண்ணுக்குக் கீழே போனா பிழைன்னு சொல்லுது?"

"ஒண்ணு புள்ளி ஒம்பது."

அண்ணி கையைக் கழுவிட்டு லேப்டாப்பை எடுத்துட்டு உக்காந்துட்டாங்க. ஆறுதலா ஒரு வார்த்தை உண்டான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே கிளம்பினேன்.

திங்கக்கிழமை கூட்டம். சிவப்புமை பேனாவைத் திறந்ததும் அண்ணி எழுந்துட்டாங்க. அந்த மாசம் அவங்களுக்குப் பிரிவுத் தலைவர் பதவி வரவேண்டியது, சிவப்புமை கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"சார், தெர்மாமீட்டர் சொல்றது சரி. ஒண்ணு புள்ளி ஒம்பதுங்கிறது கடலோட மேல்மட்டத்துக் கணக்கு. ஆழத்துல அழுத்தம் ஏற ஏற, தண்ணி உறைய இன்னும் குளிர் வேணும். அங்கே வெளியில கடல் உறையும்போது உப்பு பிரிஞ்சு கீழே இறங்குது. அந்தக் கனத்த தண்ணி பனிக்கு அடியில புகுந்து, பனியைக் கரைச்சு, கரைஞ்ச அந்த உப்பில்லாத தண்ணியையும் சேத்துக்கிட்டு வெளியில வருது. புகுந்த வீட்டுக்குப் போய் வந்த பொண்ணு மாதிரி சார். போகும்போது உப்பும் உறைப்புமாப் போகுது, வரும்போது சப்புன்னு, சில்லுன்னு வருது."

கூட்டம் சிரிச்சுது. நான் முறைச்சேன். நாங்க அப்படி என்ன படுத்திட்டோமாம்!

"அதே கயித்துல உப்பு அளக்கிற கருவியும் இருக்கு. அதைச் சரிபாத்தது வெளி ஆபீஸ்ல. தெர்மாமீட்டர்ல குளிர் கூடுறப்ப எல்லாம் அந்தக் கருவியில உப்பு குறையுது. ரெண்டும் பேசி வெச்சுக்கிட்டா பொய் சொல்லும்? இந்தத் தண்ணிலதான் ஒரு பங்கு பிறகு சரிவுல இறங்கி, உலகத்துக் கடலோட அடித்தரையில பரவுது."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. என் ரெண்டு தொட்டியைத் தவிர வேற தண்ணியைப் பாக்காதவ நான். மனுஷக் கண்ணே படாத இடத்துல அவ்வளவு தண்ணி நடந்துக்கிட்டே இருக்கு, அதைத் தொட்டுப் பாத்தது என் தெர்மாமீட்டர்!

சிவப்புமை விடல. "அப்போ கருவிப் பிழைன்னு சொன்ன ப்ரோக்ராம் யாருது?"

அண்ணி தலையைக் குனியல. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் சார். அந்த ஆடத் தெரியாதவ நான்தான். வெதுவெதுப்பான கடலுக்கு நாலு வருஷம் முன்னாடி நான் எழுதின வரி அது. துருவத்துக்குப் போகும்போது மாத்தணும்னு எனக்குத் தோணல."

பழைய ப்ரோக்ராம், திருத்தியாச்சுன்னு சொல்லியிருந்தா எவன் தோண்டிப் பாக்கப் போறான்?

என் அறை தப்பிச்சுது. பதவி வேற ஒருத்தருக்குப் போச்சு. மாடிப்படியில அண்ணியைத் துரத்திப் பிடிச்சேன். "ஏன் அண்ணி, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"இருந்திருப்பேன். அப்புறம் உன் கத்தலை யாரு கேக்கறது?"

ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுல, திருத்தின வரியைக் காட்டச் சொன்னேன். பழைய எண் போய், ஆழத்துக்குத் தக்கபடி மாறுற கணக்கு வந்திருந்துச்சு. பக்கத்துல, பின்னால வர்றவங்க படிக்கட்டும்னு ஒரு குறிப்பு: 'எண்ணை நம்ப முடியாவிட்டால் முதலில் இந்த வரியைச் சந்தேகப்படவும். தெர்மாமீட்டரை அல்ல. அதைச் சரிபார்த்தவள் என் நாத்தனார்.'

அழுதுட்டேன். "எங்க அண்ணி மாதிரி வருமா"ன்னு வாய் விட்டே சொல்லிட்டேன். அண்ணன் எழுந்து வந்து என் நெத்தியைத் தொட்டுப் பாத்தான்.