ரோகிணி வீட்டுக் கிரீன் டீ

சேவுகப்பெருமாள் காரைக்குடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். கற்றுக்கொள்ள வருகிறவருக்குப் பக்கத்து சீட்டில் அவர் ஏறி உட்கார்ந்தால், கார் அந்தப் பக்கம் ஒரு சாய்வு சாயும். "சார் இறங்குனாத்தான் வண்டி நேரா ஓடும்" என்று படிக்க வந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் தொந்தியைத் தட்டிக்கொண்டு சேர்ந்து சிரிப்பார். போன வருஷம் கோடையில் ரத்தப் பரிசோதனை செய்த பிறகு அந்தச் சிரிப்பு வீட்டில் செல்லுபடியாகவில்லை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, எடையைக் குறைக்காவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி ரோகிணி, வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். தைக்கக் கொடுக்க வந்த சிவரஞ்சனி ஆச்சிதான் அவளுக்குக் கிரீன் டீயைப் பற்றிச் சொன்னது.

"பாலும் வேணாம், சீனியும் வேணாம். வெந்நீர்ல பையைப் போட்டு எடுத்துக் குடிக்கச் சொல்லு. எங்க வீட்டுல அப்படித்தான் குறைஞ்சாக."

அன்று சாயங்காலமே ரோகிணி ஒரு பெட்டி வாங்கிவந்தாள். முதல் மடக்கிலேயே அவர் முகம் சுளித்தார்.

"என்ன புள்ள இது, வைக்கோலை ஊறவச்ச தண்ணி மாதிரி இருக்கு."

"மூச்சுவிடாமக் குடிங்க. நானும்தான கூடக் குடிக்கிறேன்."

அவள் கூடக் குடிக்கிறாள் என்பதற்காகவே அவர் குடித்தார். காலை முதல் வகுப்புக்குக் கிளம்புமுன் இருவரும் அடுப்படியில் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு தம்ளர் குடிப்பது வழக்கமாயிற்று. மகள் துர்காதேவி கோயம்புத்தூரில் காலேஜில் இருந்தாள். அவள் போனபின் இருவருக்கும் பேச இவ்வளவு இருந்தது அந்தக் காலை நேரங்களில்தான் ரோகிணிக்குத் தெரிந்தது.

தீபாவளி நெருங்கும்போது பலன் தெரிந்தது. சட்டை தொளதொளத்தது. ராத்திரிப் பரோட்டாவை அவராகவே விட்டார். நாலு இட்லி மூன்றாகி, மூன்று இரண்டாயிற்று. ரோகிணி அவரை நிற்கவைத்து இடுப்பில் டேப்பைச் சுற்றி, பேண்ட்டைப் பிரித்துப் பிடித்துத் தைத்தாள். கொஞ்ச நாளில் திரும்பவும் பிடிக்க வேண்டியிருந்தது. பிடிக்கிற ஒவ்வொரு தரமும் அவளுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. வாயில் குண்டூசியைக் கவ்வியபடியே, "இன்னும் ரெண்டு விரக்கடை போயிருக்குங்க" என்பாள். தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எந்தப் பெட்டி, எவ்வளவு வெந்நீர், சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா என்று போனில் கேட்டவர்களுக்குப் பொறுமையாக விளக்கினாள். 'ரோகிணி வீட்டு டீ' என்றே அதற்குப் பேர் வந்துவிட்டது.

தை மாசம் அரியக்குடியில் அவருடைய பெரியப்பா வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் நுழைந்ததும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "பத்து வயசு குறைஞ்சிட்டியேப்பா", "பொண்ணு பாத்துருவமா" என்று ஆளாளுக்குக் கேலி. ரோகிணி பட்டுச் சேலையில் அவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பந்தியில் அவர் ரசம் சோறு ரெண்டு வாய் தின்றுவிட்டு இலையை மூடினார்.

"ஏங்க, பாயசங்கூட வேணாமா?"

"உன் டீதான் பசிய அமத்திப்போட்டுருதே" என்றார் அவர். அவளுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

மாசி மாசம் அவருடைய அக்கா நாகவல்லி நெற்குப்பையிலிருந்து வந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வந்தவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையும் கழுத்தையும் பார்த்தாள். பிறகு அடுப்படிக்கு வந்து ரோகிணியிடம் மெல்லச் சொன்னாள்.

"உடம்பு குறைஞ்ச மாதிரி இல்லத்தா எனக்கு. கழுத்துல குழி விழுந்துபோயிருக்கு. முகத்துல ரத்தமே இல்ல. ஒருக்கா நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க."

"டாக்டர் சொல்லித்தான் மதினி குறைக்கிறோம்."

"குறைக்கிறது வேற, குறையிறது வேற."

ரோகிணிக்குச் சுருக்கென்றது. இத்தனை மாசம் தான் பாடுபட்டதைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல இவர்களுக்கு மனசில்லையே என்று நினைத்தாள். "குண்டா இருந்தப்ப ஊரே பேசுச்சு. இப்ப மெலிஞ்சா அதுவும் பொறுக்கல" என்று, யாரிடமோ சொல்வதுபோல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். நாகவல்லி பையை எடுத்துக்கொண்டாள். மத்தியானத்துக்கு இருக்காமல் பஸ் ஏறிவிட்டாள். ரோகிணியும் இருக்கச் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு காலை. தண்டாயுதபாணி என்கிற பேங்க் கிளார்க் கார் பழகிக்கொண்டிருந்தார். கோவிலூர் ரோட்டில் போகும்போது சேவுகப்பெருமாள், "கொஞ்சம் ஓரங்கட்டுங்க சார்" என்றார். வண்டி நிற்குமுன் கதவைத் திறந்து வாந்தியெடுத்தார். கருத்துப்போன ரத்தம். அப்படியே சீட்டில் சரிந்தார். தண்டாயுதபாணி அதுவரை தனியாக ஒரு தெருகூட ஓட்டியதில்லை. செகண்ட் கியரைத் தாண்டாமல், ஹாரனை அமுக்கியபடியே ஊருக்குள் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். ரோகிணி போய்ச் சேர்ந்தபோது தண்டாயுதபாணி சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து, காரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "நல்லாத்தாம்மா வந்தாரு. நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்தாரு" என்று அதையே சொன்னார்.

அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரைப்பையில் புற்று. ஈரல் வரைக்கும் போயிருந்தது.

டாக்டர் அவரிடம் கேட்டார். "சாப்பாடு இறங்காம எவ்வளவு நாளா இருக்கு?"

"ஐப்பசியிலருந்தே சார். ரெண்டு வாய் தின்னாலே நெஞ்சுல கல்லு மாதிரி நிக்கும். அப்பப்ப வலிக்கும்."

ரோகிணி அவர் முகத்தையே பார்த்தாள். வார்டுக்குக் கூட்டிவந்தாள். கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, பிறகு கேட்டாள்.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

அவர் மேலே ஃபேனைப் பார்த்தபடி சொன்னார்.

"டேப்பை வச்சு அளக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது ரோகிணி. துர்கா பொறந்தப்ப பாத்தது, அப்புறம் இப்பத்தான் பாத்தேன். டீயாலதான் பசி அமந்திருக்குன்னு நானும் நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனைக்கிறது நல்லா இருந்துச்சு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். திட்ட வேண்டும்போல் இருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

மறுநாள் டாக்டர் தனியாக இருக்கும்போது போய் நின்றாள். "கிரீன் டீ கொடுத்தேன் சார். அதனால வந்ததா?"

"இல்லம்மா. டீ ஒண்ணும் செய்யல."

"நல்லதும் செய்யலையா?"

"அதை ஒரு டீயா குடிக்கலாம். அவ்வளவுதாம்மா."

தான் கெடுக்கவில்லை என்று கேட்டதும் மனம் ஆறும் என்று நினைத்துத்தான் போனாள். ஆறவில்லை. அந்த மாசங்களில் அவரை மெலியவைத்தது நோய்தான். அதற்குத்தான் அவள் ஊர் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

வெளியே வந்து நாகவல்லிக்குப் போன் போட்டாள். "மதினி, வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். நாகவல்லி அடுத்த பஸ்ஸில் வந்தாள். முன்னம் சொன்னேனே என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. தம்பிக்குக் கஞ்சி ஆற்றினாள், ரோகிணியைப் பிடித்துத் தள்ளித் தூங்கவைத்தாள். துர்காதேவி படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றபோது, "பரீட்சைய எழுதிட்டு வாடா, நான் இருப்பேன்" என்று அவர் போனில் சொன்னார். சொன்னபடி இருந்தார். ஆடி முடியுமுன் போய்விட்டார். தூக்கிய நாலு பேருக்கும் கனம் தெரியவில்லை என்று யாரோ சொன்னது ரோகிணி காதில் விழுந்தது.

முப்பதாம் நாள் காரியம் கழிந்து, தைக்கக் கொடுத்தவர்கள் மெல்ல மெல்ல வரத் தொடங்கினார்கள். துக்கம் விசாரித்தவர்கள் யாரும் டீயைப் பற்றிப் பேசவில்லை. ரோகிணிதான் பேசினாள். முன்னே தன்னிடம் பெட்டியின் பேரைக் கேட்ட ஒவ்வொருத்தியையும் போனில் கூப்பிட்டாள். "குடிக்கிறதக் குடிங்க. ஆனா ஒண்ணும் செய்யாம உடம்பு இறங்குச்சுன்னா சந்தோஷப்படாதீக. போயி டாக்டர்ட்டக் காட்டுங்க." சிலர் பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். சிலர் சரி சரி என்று சீக்கிரம் வைத்தார்கள்.

உள்ளூர் காலேஜ் ஹாஸ்டலில் சமையல் செய்யும் ஆயி என்பவள் மட்டும் வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, எனக்கும் அப்படித்தான் இறங்குது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது. டீயாலதான்னு இருந்துட்டேன்" என்றாள்.

"நாளைக்குக் காலையில கிளம்பி இரு. நான் வாரேன்."

ரோகிணி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயி பயத்தில் ரோகிணியின் விரலை விடவேயில்லை. கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். சர்க்கரைதான், ரொம்ப ஏறியிருக்கிறது, மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் சரியாகிவிடும், வேறு பயமில்லை என்றார் டாக்டர்.

ஆயி கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லவேளைக்கா, கூட்டியாந்தீக."

ரோகிணி தலையாட்டினாள். "நீ மாத்திரைய வாங்கிட்டு இரு, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கட்டடத்துக்குப் பின்னால் கை கழுவும் குழாய்கள் இருந்தன. ஆளில்லாத ஒன்றைத் திறந்து முகத்தைக் கழுவக் குனிந்தாள். அவரைத் தூக்கிப் போன அன்றைக்குக்கூட அழுகை இப்படி வரவில்லை. தண்ணீர் ஓட ஓட, சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.