ஹாலோவே வந்த காரியம்

குமாசி நகரில், பந்தாமா பக்கம் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் சனங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஹாலோவேயிடம் போகிறார்கள். அவன் குளிர்நாட்டுக் கல்லூரி ஒன்றுக்குப் பிள்ளை பிடிக்க வந்தவன். வந்த அன்று போஆட்டெங்கின் விடுதியில் அவனை உட்காரவைத்து, ஊர் முறைப்படி ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும், வந்த காரியம் என்ன என்று போஆட்டெங் கேட்டார். தண்ணீர் கொடுத்துக் காரியம் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். சாவுச் செய்தி கொண்டுவந்தவனும் சொல்லுவான், பெண் கேட்டு வந்தவனும் சொல்லுவான். ஹாலோவே டையைச் சரிசெய்துகொண்டு, உங்கள் பிள்ளைகளின் கனவுக்குச் சிறகு கொடுக்க வந்தேன் என்றான். காலித் தம்ளர் தானாக நிறைந்தது. உதவித்தொகை பற்றிக் கேட்டார்கள். அவன் பதில் சொல்ல, தம்ளர் வழிந்து கால்சட்டை நனைந்தது. படித்து முடித்ததும் வேலை நிச்சயம் என்றபோது கூடத்தில் செருப்புகள் மிதந்தன.

தம்ளரைக் கீழே வைக்கப் பார்த்தான். அது கையைவிட்டு வரவில்லை. ஊருக்குக் கிளம்பிப் போனான். தண்ணீரோடு விமானத்தில் ஏறக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயம் பந்தாமாவில் குழாய் செத்துக் கிடந்ததால் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை, வரிசைதான் கட்டினார்கள். குடிக்கக் கொஞ்சம் போதும் என்கிறவர்கள் அங்கே சாப்பாடு எப்படி என்று கேட்டார்கள். துணி துவைக்கிறவர்கள் வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்டார்கள். கொத்தனார் யாவ் டார்கோ பட்டதாரிகளின் சம்பளத்தைக் கேட்டு டிரம் டிரம்மாகப் பிடித்துச் சிமென்ட் குழைத்தார். இதே சனங்கள் அந்தத் தண்ணீரிலேயே குளித்துத் தலைசீவி, அதே கல்லூரிக்குப் பிள்ளைகளின் பெயரையும் கொடுத்தார்கள். அதில் வாத்தியார்கள்தான் முன்னால் நின்றார்கள்.

கெஜெத்தியா சந்தையில் துணிக்கடை வைத்திருந்த ஆஃபியா கொனாடு மட்டும் வாளி இல்லாமல் வந்தாள். மகள் செர்வாவை அந்தக் கல்லூரிக்கு அனுப்பக் கடையை விற்பதாகச் சொல்லியிருந்தாள். வாங்குகிறவன் மறுநாள் காலையில் வருகிறான். ஹாலோவேயின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் ஒளிமயமான எதிர்காலம் என்று ஆரம்பித்தான். அவள் பாதம் நனைந்தது.

"தண்ணி எனக்கு வேணாம் தம்பி. வந்த காரியத்தச் சொல்லு."

"யக்கா, அவன நல்லா பேச விடு, என் டிரம்மு பாதிகூட ரொம்பல" என்றார் பின்னால் நின்ற டார்கோ.

அவள் திரும்பவில்லை. ஹாலோவே ஊறிச் சுருங்கிப்போன தன் விரல்களைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"எங்க காலேஜ் ஹாஸ்டல்ல பாதிக் கட்டில் காலியா கெடக்கு. ஆள் கொண்டுபோகலன்னா என் வேல போயிடும். உங்க பொண்ணு படிச்சாளா, என்ன ஆனான்னு அப்புறம் ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

தம்ளர் காய்ந்தது. கையைவிட்டுக் கழன்றது. ஆஃபியா அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்தாள்.

"இத மொத நாளே சொல்லியிருந்தா ஒரு வாய் ஃபூஃபூவாவது போட்டிருப்போம்."

அவள் கடையை விற்கவில்லை. செர்வா பக்கத்திலேயே தாதிப் படிப்பில் சேர்ந்து, சாயங்காலம் கடையில் துணி மடிக்கிறாள். வரிசையில் நின்றவர்கள் ஆஃபியாவை மன்னிக்கவில்லை. உண்மை வேண்டுமென்றால் தேவாலயத்துக்குப் போகவேண்டியதுதானே, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வந்து கேட்பாளா என்று வெகுநாள் ஏசினார்கள்.

ஹாலோவே அன்றைக்கே போயிருக்கலாம். பெட்டியைக் கட்டி வாசலுக்கு வந்தவனை டார்கோ தம்ளர் தண்ணீரும் கையுமாக மறித்தார்.

"கெளம்புற நேரத்துல ஒண்ணே ஒண்ணு சார். நம்ம பையன் கணக்குல கொஞ்சம் சுமார். அவனுக்கு எடம் கெடைக்குமா?"

பழக்கதோஷம். தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, ஹாலோவே பல் தெரியச் சிரித்தான். "நிச்சயமா" என்றான். தம்ளர் கையோடு ஒட்டி வழிந்து, டிரம் நிறைந்தது.

இப்போதும் அங்கேதான் இருக்கிறான். போஆட்டெங் அவனிடம் வாடகை கேட்பதில்லை. அந்தத் தண்ணீரில் பயறு மட்டும் வேகாது, சிமென்டுக்கு நல்லது என்கிறார்கள்.