இரண்டு பேருக்கு ஒரு கம்பி

ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றிப் பேச ஒலிபெருக்கி எதற்கு? காதோடு சொன்னாலே கூசிப்போகிற விஷயம். அதைக் கூரையின் நாலு மூலையிலும் தொங்கவிட்டிருந்த குழாய்கள் வழியாக, வரிசையில் நின்ற முந்நூறு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான் ரோலர் கோஸ்டரை ஓட்டுகிற அந்தக் கண்ணாடிக் கூண்டுக்காரன்.

"கடைசி வரிசை அக்கா, வயித்தக் கொஞ்சம் உள்ள இழுங்க! வண்டி கெளம்ப வேணாமா?"

சொல்லிவிட்டு மைக்கை அணைக்காமலே சிரித்தான். வரிசையும் கூடச் சிரித்தது. சிரிப்புக்கு யார் காவல்?

அவன் அக்கா என்று கூப்பிட்டது டைலரம்மாவை. தெருவில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் டைலரம்மாதான். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் உடம்பையெல்லாம் அளந்து தைக்கிறவள். அளவு எடுக்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லவே மாட்டாள். நாடாவைச் சுற்றுவாள், பார்ப்பாள், காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வாள், சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். "எத்தனைக்கா வந்துச்சு?" என்று கேட்கிறவளிடம், "உனக்கு எத்தனை வேணுமோ அத்தனைதான் வந்துருக்கு, போ" என்பாள். உடம்புக்காகத்தான் துணி, துணிக்காக உடம்பு இல்லை என்பது அவள் கட்சி.

அவளுமே வஞ்சனை இல்லாமல் வளர்ந்த உடம்புக்காரிதான். அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது. ஒன்பது வயது மகளோ நேர்மாறு. வீட்டில் அவள் பெயரே குச்சி. "அம்மா தின்னதுல பாதி மகளுக்கு ஒட்டியிருந்தா ரெண்டு பேருமே அளவா இருந்திருப்பீங்க" என்று அப்பாக்காரர் கிண்டல் செய்வார். டைலரம்மா கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டுவாள். சிரிப்போடு போய்விடும்.

இந்த ரோலர் கோஸ்டர் ஆசை குச்சிக்கு இரண்டு வருஷத்து ஆசை. பொழுதுபோக்குப் பூங்காவில் அந்த வண்டியின் வாசல் பலகையில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டைத் தொடாத பிள்ளைக்கு அனுமதி இல்லை. தொட்டாலும், அதற்கு மேலே இருக்கிற இன்னொரு கோட்டை எட்டும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். குச்சி மாதாமாதம் துணி வெட்டுகிற மேஜையோரம் போய் நின்று, "அளந்து பாரும்மா" என்று உயிரை வாங்குவாள். போன மாதந்தான் முதல் கோட்டைத் தாண்டினாள். கூட உட்காரப் போவது அப்பா என்று பேச்சு. அன்று காலை ஆறு மணிக்கு அப்பாவின் வேலையிடத்திலிருந்து போன் வந்தது, விடுப்பு ரத்து. குச்சியின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, "ஏண்டி, நான் செத்தா போயிட்டேன்? நான் உக்கார்றேன், வா" என்று கிளம்பிவிட்டாள் டைலரம்மா.

ஒன்றே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றார்கள். வெயிலில் முக்கால் மணி, தகரக் கூரைக்குக் கீழே ஒரு மணி. அந்த வரிசை நெடுகிலும் மாதிரிக்கு ஓர் இருக்கை போட்டு, உட்கார்ந்து பார் அம்மா, கம்பி பூட்டுகிறதா பார் என்று வைத்திருந்தால் என்ன குடி முழுகிவிடும்? வைக்கவில்லை. செல்பி எடுக்க ஒரு பொம்மைச் சிங்கம் மட்டும் வைத்திருந்தார்கள்.

கடைசியில் முறை வந்தது. பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு பேர். இரண்டு பேர் மடிக்கும் சேர்த்து குறுக்கே ஒரே கம்பி. இதுதான் டைலரம்மாவுக்கு முதலில் உறுத்தியது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க யார் விட்டார்கள்? நீலச் சட்டை போட்ட ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், வரிசை வரிசையாகக் கம்பியை அழுத்திக்கொண்டே வந்தாள். டக், டக், டக். மூன்று முறை சத்தம் கேட்டால் பூட்டிவிட்டதாக அர்த்தம். டைலரம்மாவின் வரிசையில் இரண்டாவது சத்தத்தோடு கம்பி நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்த ஒலிபெருக்கி.

நீலச் சட்டைக்காரி இரண்டு கையாலும் அழுத்தினாள். அசையவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருத்தனைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து, "மூச்ச விடுங்க... இன்னும் விடுங்க..." என்று மூட்டை கட்டுவதுபோல அமுக்கினார்கள். டைலரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி பாதி, மானம் பாதி. முன்வரிசையில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். வரிசையில் ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தான். குச்சி தலையைக் குனிந்து முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது ரெண்டும் சிவந்திருந்தன.

டக். மூன்றாவது சத்தம் கேட்டது. இருக்கையின் முதுகில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஆச்சு! கை தட்டுங்கப்பா!" என்றான் கூண்டுக்காரன். தட்டினார்கள், பாவிகள்.

டைலரம்மா வயிற்றில் பதிந்திருந்த கம்பியைப் பார்த்தாள். பிறகு அது மகள் பக்கம் போகிற வழியைப் பார்த்தாள். நாடா இல்லாமலே அளக்கிற கண் அது. இருந்தாலும் கையை வைத்துப் பார்த்தாள். கம்பிக்கும் குச்சியின் மடிக்கும் நடுவே ஒரு சாண் போனது. அதற்கு மேல் நாலு விரலும் போனது. கம்பி மொத்தமும் இவளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையை ஒன்றுமே பிடிக்கவில்லை.

"ஏம்மா, இங்க வாங்க. பாப்பாவுக்குப் பிடிக்கவே இல்ல. பாருங்க, எவ்வளவு எடம் இருக்குன்னு!"

நீலச் சட்டைக்காரி விளக்கைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை. "பச்ச எரியுதுக்கா. மூணு சத்தம் கேட்டாச்சு."

"சத்தம் எனக்குக் கேட்டுச்சு, அவளுக்கு எங்க கேட்டுச்சு? ரெண்டு பேருக்கும் ஒரே பாவாடைய என் இடுப்பளவுக்குத் தெச்சா அது அவ இடுப்புல நிக்குமா? நீயே சொல்லும்மா!"

அந்தப் பெண்மணிக்கு ஒரு கணம் முகம் மாறியது. மாறிய முகத்தோடு கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். கூண்டுக்காரன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். ஒரு வண்டி வந்து அடுத்த வண்டி கிளம்ப இத்தனை விநாடி என்று அவர்களுக்கு மேலே கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் பிள்ளைகள் இல்லை.

"நான் எறங்கறேன். கம்பியத் தூக்குங்க" என்றாள் டைலரம்மா.

"ஒண்ணத் தெறந்தா இருபத்து நாலு பேருக்கும் தெறந்துக்கும்க்கா. எல்லாரையும் மறுபடி மொதல்லேர்ந்து பாக்கணும். ரெண்டே நிமிஷந்தான், கண்ண மூடிக்கோங்க, போயிட்டு வந்துரலாம்" என்று ஒலிபெருக்கியில் பதில் வந்தது. "பயந்தவங்கல்லாம் ஏன்தான் ஏறுறாங்களோ!"

"எறங்கும்மா, எங்க நேரத்த ஏன் வீணாக்குற?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல். "குண்டம்மா, தெரிஞ்சே வந்து உக்காந்துட்டு" என்று இன்னொரு குரல்.

"யோவ்!" என்று கத்தினாள் டைலரம்மா. இத்தனை வருஷத்தில் கடையில் ஒரு நாளும் அப்படிக் கத்தியதில்லை. "எனக்காகவா கேக்கறேன்? என்னைய நசுக்கிக்கிட்டு இருக்கு இந்தக் கம்பி, நான் எங்கயும் போக மாட்டேன். எம் பொண்ணப் பாருங்கய்யா! ஒரு தடவ திரும்பி அவளப் பாருங்க!"

யாரும் குச்சியைப் பார்க்கவில்லை. எல்லாரும் டைலரம்மாவைத்தான் பார்த்தார்கள். பெரிய உடம்பு ஒன்று ஓர் இடத்தில் இருந்துவிட்டால் அதைத் தவிர வேறெதுவும் ஜனங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

டைலரம்மா மகளை ஒரு கையால் வளைத்துப் பிடித்தாள். குச்சி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"விடு. எல்லாரும் சிரிக்கிறாங்க. உன்னாலதான். அப்பா கூட வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? நான் உங்கூட வரல."

ஊரே சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவளுக்கு இது மட்டும் நேராக நெஞ்சில் போய் இறங்கியது. "கண்ணு..." என்றாள்.

குச்சி இரண்டு காலையும் இருக்கைமேல் மடக்கி வைத்தாள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினாள். பூட்டிய கம்பிக்கும் இருக்கைக்கும் நடுவிலிருந்து, வேலிச் சந்தில் நுழைகிற பூனைக்குட்டி மாதிரி, அப்படியே உருவிக்கொண்டு வெளியே வந்து நடைமேடையில் நின்றாள். கம்பி ஒரு நூல்கூட அசையவில்லை. ஒரு செருப்பு மட்டும் காலிலிருந்து கழன்று இருக்கையிலேயே விழுந்துவிட்டது. பச்சை விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

கூண்டுக்காரன் பார்த்துக்கொண்டிருந்தது அந்த விளக்கைத்தான். பொத்தானை அழுத்தினான்.

வண்டி நகர்ந்தது. நீலச் சட்டைக்காரி ஐயோ என்று ஓடிவந்து குச்சியை இழுத்து நெஞ்சோடு பிடித்துக்கொள்வதை டைலரம்மா திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. சங்கிலி வண்டியை மேலே இழுத்துக்கொண்டு போயிற்று. முன்வரிசைகளில் உற்சாகக் கூச்சல். பக்கத்தில் காலி இருக்கை. அதில் ஒரு சின்னச் செருப்பு, வாரில் பூப்போட்டது.

உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்று, வண்டி கீழே பாய்ந்தது. டைலரம்மா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இருக்கையை விட்டு மெதுவாக, யாரோ கையால் எடுக்கிற மாதிரி, மேலே எழும்பியது. கம்பிக்கும் பிள்ளையின் மடிக்கும் நடுவே இருந்த அந்த ஒரு சாண் நாலு விரல் வழியாக வெளியே வந்தது. அவள் எட்டிப் பிடிக்கப் போனாள். கை போய்ச் சேர்வதற்குள் அது அவள் தோளுக்கு மேலாகப் பறந்து பின்னால் வானத்தில் போய்விட்டது.

அதன் பிறகு வந்த வளைவுகள், சுற்றுகள் எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள் என்று பின்னால் மற்றவர்கள் சொன்னார்கள். எல்லாரும் கத்துகிற வண்டியில் அது யாருக்குத் தனியாகக் கேட்கும்?

வண்டி திரும்பிவந்து நின்றது. கம்பிகள் எல்லாம் ஒன்றாக மேலே போயின. இருபத்திரண்டு பேர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

"பாத்தீங்களாக்கா? ஒண்ணும் ஆகலயில்ல?" என்றான் கூண்டுக்காரன். இந்தத் தடவை குரலில் சுரத்து இல்லை. நடந்தது என்ன என்று அதற்குள் நீலச் சட்டைக்காரி போய்ச் சொல்லியிருந்தாள். "பத்து வருஷமா அழுத்தறேன். பெரியவங்க பக்கம் சத்தம் கேக்குதான்னுதான் பாப்பேன். அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டை கட்டிய மேலாளர் ஒருவர் கையில் படிவத்தோடு வந்தார். எதையும் கேட்கவில்லை, மளமளவென்று எழுதினார். டைலரம்மா உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தாள். 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் 'பயணியின் உடல் பருமன்' என்று எழுதியிருந்தார்.

"என்ன எழுதிருக்கீங்க?"

"இது எங்க ஆபீஸ் வழக்கம்மா. உங்க மேல நடவடிக்கை ஒண்ணும் கெடையாது. நாளையிலேர்ந்து பெரிய உடம்புக்காரங்க ஏறக்கூடாதுன்னு வாசல்ல போர்டு வச்சுடறோம். பிரச்சினை தீர்ந்துச்சு."

"பிரச்சினை தீர்ந்துச்சா?" டைலரம்மாவின் குரல் உடைந்தது. அழுகையில் உடையவில்லை, ஆத்திரத்தில் உடைந்தது. "என் உடம்பு எம் பொண்ண எங்கய்யா தூக்கி எறிஞ்சுது? ரெண்டு பேருக்கு ஒரு கம்பி போட்டது நானா? வெளக்கப் பாத்துட்டுப் புள்ளயப் பாக்காம விட்டது நானா? நான் இல்லன்னா, ஒரு அப்பனும் மகனும் வருவாங்க. கொஞ்சம் தொந்தி இருக்கற அப்பன், உங்க போர்டுக்கு ஒண்ணும் அவன் குண்டு இல்ல. அந்தப் பய்யன யாரு புடிச்சுக்குவாங்க?"

"சரிம்மா, மேலிடத்துல சொல்றோம். இப்ப எறங்குங்க. ஜனங்க காத்திருக்காங்க."

அடுத்த வண்டிக்காகக் கதவருகே நின்றவர்களில் ஒருவர், கனத்த மனிதர், தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சின்ன மகனைக் குனிந்து பார்த்தார். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த வழியே வரிசையைப் பிளந்துகொண்டு திரும்பி நடந்தார். ஒருவரும் அவரைக் கேலி செய்யவில்லை. படம் எடுத்தவன் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எறங்குங்கம்மா, தயவுசெஞ்சு."

குச்சி ஒற்றைச் செருப்போடு நடைமேடையில் நொண்டி நொண்டி வந்தாள். முகமெல்லாம் அழுத கறை. "அம்மா, என் செருப்பு எங்க?" என்று கேட்டாள்.

டைலரம்மா மேலே பார்த்தாள். குச்சியும் மேலே பார்த்தாள். தலைக்கு மேலே தண்டவாளம், அதற்கு மேலே வெறும் வானம். பிள்ளைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஏறி, அம்மாவை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். பாதுகாப்பு ஆட்கள் இரண்டு பேரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"காரணம் என்னன்னு எழுதினீங்க? பருமன்னுதான?" என்றாள் டைலரம்மா. இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். "இந்தக் கம்பிய மாத்தறேன்னு எழுத்துல குடுக்கற ஆளு வர்ற வரைக்கும் இந்த வண்டி நகராது. அவசரம்னா, வாங்க. நாலு பேரு வந்து தூக்கிப் பாருங்க."

கூப்பிட்ட இரண்டு பேரோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்து நாலு பேர் வந்தார்கள். சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தூக்க ஒருவரும் கை நீட்டவில்லை.