நுரையில் பதிந்த கை

வன்னியபெருமாள் அண்ணாச்சி கல்லிலிருந்து வெள்ளி எடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் தூத்துக்குடித் துறைமுகமே சிரித்தது. உப்பு வியாபாரிக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? ரங்கூன் ஜப்பான்காரனிடம் விழுவதற்கு முன் பர்மாவிலிருந்து வந்த ஒரு கப்பல் அறுபது மூட்டைச் சுரங்கக் கல்லை இறக்கிவிட்டுப் போனது, திரும்பி வரவேயில்லை. இரண்டு வருஷம் மழையில் நனைந்து கிடந்த அதை அண்ணாச்சி ஏலத்தில் எடுத்தார். வேலை தெரிந்த ஆள் ஊரில் சொரிமுத்து ஒருவன்தான்.

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வயற்காட்டில் பிறந்த சொரிமுத்து, பர்மாவில் வெள்ளிச் சுரங்க ஆலையில் ஒன்பது வருஷம் நுரை வழித்தவன். நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் வந்ததும் காடு மலையெல்லாம் நடந்தே ஊர் வந்து சேர்ந்தான்.

அது ஒரு விசித்திரமான வேலை. கல்லை மாவாக இடித்துத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் தைலம் விட்டு, அடியிலிருந்து காற்றை ஊத வேண்டும். வெறும் கல்தூள் நனைந்து கீழே போய்விடும். வெள்ளியைச் சுமக்கிற ஈயத்தூள் அதைவிடக் கனம். ஆனாலும் தைலம் பட்டதும் அது தண்ணீரோடு ஒட்டாமல், குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடும். கனத்தது மிதக்கும், லேசானது முங்கும். ஒன்பது வருஷம் பார்த்தும் சொரிமுத்துவுக்கு அதில் ஒரு பயம் இருக்கத்தான் செய்தது.

கடற்கரையில் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் மரத்தொட்டி போட்டார்கள். காற்றுக்குக் கொல்லன் துருத்தி, நுரைக்கு நீலகிரித் தைலம். கல் இடிக்க வந்த பெண்களில் தங்கத்தாயும் இருந்தாள். பர்மா ஆலையில் சொரிமுத்துவோடு ஒரே தொட்டியில் வேலை பார்த்த பவுலின் மனைவி. சேர்ந்து ஊருக்கு நடந்த வழியில் பவுல் காய்ச்சலில் செத்தான், என் கையால் குழி தோண்டிப் புதைத்தேன் என்று சொரிமுத்து பாதிரியாரிடமே சொல்லியிருந்தான். அந்த வார்த்தையை நம்பித்தான் அவளுக்கும் தோணித்துறைக் கிருபாநிதிக்கும் கல்யாணம் பேசினார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் நுரை எழுந்தது. கறுத்து, பளபளத்து, தொட்டி விளிம்பு வரை பொங்கியது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். உள்ளங்கையை நுரைமேல் வைத்துப் பக்குவம் பார்ப்பது ஆலை வழக்கம். சொரிமுத்து கையை நீட்டினான். அவன் தொடுவதற்கு முன்பே நுரை அமுங்கியது. விரித்த கை ஒன்று அதில் பதிந்திருந்தது. மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் குமிழிகள் அப்படியே நின்றன.

பவுலுக்கு அந்த விரல் கிடையாது. ஆலைப் பெல்ட்டில் போனது.

சொரிமுத்து பலகையால் நுரையை வழித்துத் தள்ளினான். புது நுரை வந்தது. அதிலும் கை இருந்தது. துருத்தியை நிறுத்தச் சொன்னான். காற்று நின்றும் நுரை அடங்கவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். பாவம், அவர் கண்ணுக்கு வெள்ளி மட்டும்தான் தெரிந்தது.

தங்கத்தாய் உலக்கையை வைத்துவிட்டு வந்தாள். நெடுநேரம் பார்த்தாள். அழவில்லை.

"அண்ணே, அவியள எங்கன புதைச்சிய?"

ஆற்றங்கரை, புளியமரம், சிலுவையாகக் கட்டிய இரண்டு குச்சி. சொல்லிச் சொல்லிப் பழகிய பொய்தான். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"புதைக்கல தங்கத்தாயி. காச்சல்ல நடக்கமாட்டாமக் கெடந்தான். ஜப்பான்காரன் பின்னாலயே வாரான்னு சொன்னாவ. மரத்தடியில கெடத்திட்டு வந்துட்டேன்."

"உசிரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

உலக்கைச் சத்தமெல்லாம் நின்றுபோயிருந்தது. அந்த ஒரு சொல்லோடு கல்யாணமும் நின்றது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இனி அவள் விதவையுமில்லை, கல்யாணப் பெண்ணுமில்லை. அதைச் சொல்லித் திட்டப்போகிறாள் என்று சொரிமுத்து தலை குனிந்து நின்றான். திட்டியிருந்தால் தேவலை.

"ஒங்களக் கூப்பிட்டாவளா?"

தலையாட்டினான்.

"எத்தன தடவ?"

ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது ஒவ்வொன்றையும் அவன் எண்ணியிருந்தான்.

"பதினேழு," என்றான். "அதுக்குப் பொறவு நான் ஓட ஆரம்பிச்சிட்டேன்."