ஃபிரேமுக்குள் போன உயிர்த் தாள்

எங்கள் வீடு சாரம் என்கிற பேட்டையில் 1987இல் கட்டின கான்கிரீட் வீடு. கட்டின மேஸ்திரியே இன்னும் தெருமுனையில் நின்று டீ குடிக்கிறார். அதைப் போய் என் மருமகள் சிந்தி ‘பிரெஞ்சுக் காலத்துப் பாரம்பரிய இல்லம்’ என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டாள். வாசல் பக்கத்துப் படுக்கையறை இனிமேல் சுற்றுலா வருகிறவர்களுக்காம். கட்டின நாளிலிருந்து அது என் அறை.

பிரான்சில் இருக்கும் என் மகன் ஜோர்தான், “பின்பக்க ரூம்ல காத்து நல்லா வரும்மா” என்று போனில் சொன்னான். வரும், வரும். கொசுவும் கூடவே வரும்.

சாமான்களைப் பிரிக்கச் சிந்தி மூன்று சாக்கு விரித்தாள். “அத்தை, இது வெச்சிக்கறது, இது தூக்கிப் போடறது, இது அலங்காரம்.” கண்றாவி! நான் தினமும் உட்காரும் பிளாஸ்டிக் சேர், வெந்நீர்ப் பை, மருந்து டப்பா எல்லாம் தூக்கிப் போடறது. பழைய இரும்புக்காரனே வேண்டாமென்று விட்டுப் போன துருப்பிடித்த டிரங்குப் பெட்டி அலங்காரம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் புருஷன் ஜூலின் தொப்பிக்கு ஆணி அடித்துத் தனியாக விளக்கு வேறு. அந்த மனுஷன் இருந்தபோது தொப்பியைக் கண்ட இடத்தில் போடுகிறார் என்று இதே சிந்திதான் முணுமுணுப்பாள்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள எங்கள் வீடுகளில் முத்திரை குத்தின எந்தத் தாளையும் கிழிக்க மாட்டோம். எந்த அதிகாரி என்றைக்கு எதைக் கேட்பானோ, யார் கண்டது! என்னிடம் ஒரு சூட்கேஸ் நிறைய இருந்தது. அதில் மேலாக இந்த வருஷத்து உயிர்த் தாள். நான் இன்னும் சாகவில்லை என்று வருஷா வருஷம் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அதைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஜூலின் பென்ஷன் நின்றுபோகும்.

அறை மாறிப் பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அதுதான் கடைசித் தேதி. காலையில் சூட்கேஸைத் திறந்தால் தாளைக் காணோம். சூட்கேஸையே தலைகீழாகக் கொட்டித் தேடினேன். விருந்தாளிகள் பீச்சுக்குப் போயிருந்தார்கள். சிந்தியைத் தேடிப் பிடித்தேன்.

“என் உயிர்த் தாள் எங்கடி?”

“எந்தத் தாளு அத்தை? பிரெஞ்சு எழுத்து இருந்ததையெல்லாம் ஃபிரேம் போட்டுட்டேனே.”

போய்ப் பார்த்தால், வாசல் அறையில் என் பழைய கட்டிலுக்கு மேலே சுவரில் தொங்குகிறது. பழசாகத் தெரிய வேண்டுமென்று காபி டிகாக்ஷனில் நனைத்துக் காயவைத்திருக்கிறாள், பாவி!

ஃபிரேமோடு ஆட்டோ ஏறி இரண்டு பேரும் அந்த அதிகாரியின் ஆபீசுக்கு ஓடினோம். அங்கே ஹரிகிருஷ்ணன் என்கிற குமாஸ்தா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாருதும்மா இது? உங்க கொள்ளுப்பாட்டியோடதா?”

“என்னுதுதான் சார். போன மாசம் வந்தது.”

“தேதி சரியாத்தான் இருக்கு. தாளைப் பாத்தா நூறு வயசு ஆன மாதிரி இருக்கே. கூட இருக்கறவங்க யாராவது சாட்சி எழுதிக் குடுங்க, சேத்து அனுப்பிடலாம்.”

சிந்தி சட்டென்று பேனாவை எடுத்தாள். என் மாமியார் உயிரோடு இருக்கிறார் என்று அவள் கையாலேயே எழுதுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“ஒரே வீட்லதான இருக்கீங்க?” என்று அவர் கேட்டார்.

“ஆமா சார்.”

“இவங்கள உயிரோட பாத்த தேதி ரெண்டு வேணும். இன்னிக்கு ஒண்ணு. அதுக்கு முன்ன கடைசியா எப்ப பாத்தீங்க?”

சிந்தியின் பேனா நின்றது. விரல்விட்டு எண்ணினாள்.

“ரூம் மாத்தின அன்னிக்கு சார். போன வாரம் செவ்வாக்கிழமை.”

ஒரே கூரை, ஒரே அடுப்பு. சமையலறை மேசையில் அவள் மூடி வைத்துவிட்டுப் போன சோற்றைத் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டு நான் அந்தப் பத்து நாளும் அங்கேயேதான் இருந்தேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

ஹரிகிருஷ்ணன் காலண்டரைப் பார்த்தார். “முப்பது நாளுக்குள்ள ஒரு தடவ பாத்திருந்தா போதும். செல்லும்” என்று முத்திரையைக் குத்தினார்.