தட்டில் வைத்த வித்தியாசம்

மாநில கபடி அணியின் ஓர் இடத்துக்கு பாடிப் போகும் இரண்டு ரைடர்கள் வந்தால், அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசங்களைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுத்தான் ஒப்பிடுவார்கள். வேறு வேறு அணிகளில் ஆடியவர்களை அப்படியே ஒப்பிடுவது அறிவியல் ஆகாது என்பார் தேர்வு அலுவலர் ஞானதிரவியம். அவர் கபடி ஆடியதில்லை. பார்வை ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று பார்த்ததும் இல்லை.

உடன்குடி அணஞ்சபெருமாளுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த வருஷம் விட்டால் மாநில அணியின் நீலச் சட்டை இனிக் கிடையாது. அதை மாட்ட வீட்டில் ஆணிகூட அடித்தாயிற்று. ஆட்டத்துக்குச் சராசரி 9.4 புள்ளி. எதிரே கோபி ஊர்க்காரர் மாரப்பன், 9.1.

“நீரு மணல்ல ஆடுனவரு. அது கூடுதல் வசதி,” என்றார் அலுவலர்.

அணஞ்சபெருமாளின் கெண்டைக்காலில் மணல் ஏற்றியிருந்த வலுவைக் கழற்றினார்கள். உயரத்தில் இரண்டு விரற்கடை, மூச்சில் ஒன்பது விநாடி. மாரப்பனிடமிருந்து, பிடிக்க வருகிறவன் முதுகைத் தாண்டிக் குதிக்கும் துணிச்சல்.

“அது எங்கய்யன் குடுத்ததுங்க. பாத்து வைங்க,” என்றார் மாரப்பன்.

“ரசீது தருவோம்.”

பிடிபட்டவரும் தொடப்பட்டவரும் வெளியே உட்கார வேண்டும். கூட ஆடுகிற ஒருவர் எதிராளியைத் தொட்டுவிட்டு வந்தால்தான் மறுபடி உள்ளே போகலாம். அணஞ்சபெருமாளின் அணியினர் யாரையும் தொட்டு வழக்கமில்லை. ஆகவே இதுவரை ஆடிய ஆட்டங்களில் மாரப்பனைவிட அவர் மூன்றேகால் மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தார். சமன் செய்ய மாரப்பனைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அணஞ்சபெருமாள் துணைக்கு உட்காரப் போனார். அதுவும் கணக்கில் ஏறும் என்று எழுப்பிவிட்டார்கள்.

நின்றபடியே அவர் அலுவலரிடம் கேட்டார்: “நீரு எத்தன பேர வே தொட்டிருப்பீரு?”

“தொடுதது ஒம்ம வேல. வகுக்கது நம்ம வேல.”

அந்தக் கேலி மாரப்பனிடம் இல்லை. அதையும் கழற்றினார்கள்.

நான்கு மணிக்கு வித்தியாசம் எதுவும் மிச்சமில்லை. இருவருக்கும் ஒரே உயரம், ஒரே மூச்சு, சராசரி 4.2. இருவரும் ஒரே குரலில் தண்ணீர் கேட்டார்கள். இத்தனை சுத்தமான ஒப்பீடு தமது காலத்தில் அமைந்ததில்லை என்று அலுவலர் குறிப்பு எழுதினார்.

ஆனால் இடம் ஒன்றுதான். விதிப்படி, அறையில் எஞ்சியிருந்ததையும் கணக்கிட்டார். தட்டுக்குச் சராசரி 10.1.

நீலச் சட்டையைத் தட்டுக்குப் போர்த்தினார்கள். அது ஒரே மூச்சில் கபடி, கபடி என்று பாடிக்கொண்டு புறப்பட்டது. போகிற போக்கில் அலுவலரின் முழங்காலைத் தொட்டு, “எத்தன பேர வே?” என்று கேட்டது. சட்டப்படி அவர் எழுந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மற்ற இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். உடன்குடி பஸ் முதலில் வந்தது. கதவுக்கு அருகில் நின்றிருந்தவர் ஏறிக்கொண்டார்.