ஸப்னாவுக்குப் பதிலாக

1

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது யார் என்பது சரியாக நினைவில்லை. நிந்தவூரில் ஒரு வலீமா, கல்யாண விருந்து. ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோற்றில் கை வைத்திருந்தோம். யாரோ ஒருவர், "அந்தப் புள்ள வாயே திறக்கல்ல" என்றார். பக்கத்தில் இருந்தவர், "திறந்தவள், சத்தம்தான் வரல்ல" என்றார். மூன்றாவது ஆள் எலும்பை ஓரமாக வைத்துவிட்டு, "அவள் சிரிச்சவள்" என்றார். மூவரும் அது நடந்த இடத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். இப்போது யோசித்தால், மூன்று பேர் இருந்தார்களா, ஒருவரே மூன்று விதமாகச் சொன்னாரா என்பதும் சந்தேகமாக இருக்கிறது.

விருந்துகளில் நான் அதிகம் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பெண் எதைச் சொல்ல வாய் திறந்தாள் என்று தெரிந்தே ஆகவேண்டும் போல இருந்தது. பிறகு சிலரைத் தேடிப் போய்க் கேட்டேன். கிடைத்தது கொஞ்சம். மிச்சத்தை நான் கட்டினேன். எது எது என்று இனிமேல் பிரித்துச் சொல்லப்போவதில்லை.

2

தொடக்கங்கள்:

கல்முனைக் கடற்கரையில் அன்று அலைகள் வழக்கத்தைவிட —

(கைவிட்டேன். கதை நடந்த மாதங்களில் அந்தப் பெண், ஸப்னா, கடற்கரைப் பக்கமே போகவில்லை.)

பொறாமை என்பது அன்பின் —

(கட்டுரையாகிவிடும். அன்பையும் இங்கே இழுக்கக் கூடாது.)

மீராமுகைதீன் தன் மகள் ஸப்னாவுக்கு வீடு கட்டி முடித்தபோதுதான், அவள் வெளிநாடு போகமாட்டாள் என்பது முடிவானது.

இது நிற்கும்.

3

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. பிறந்த நாளிலிருந்தே வாப்பாமார் அதற்காகச் சேர்ப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவான். மீராமுகைதீன் வயல்காரர். போகத்துக்குப் போகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, தரைக்கு மாபிள் கல்லும் பதித்துவிட்டார். அந்த மாபிளின் சாந்து காய்வதற்குள் ஸப்னா வந்து நின்று, இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறேன் என்றாள்.

"வீட்டக் கட்டி வெச்சிட்டு ஆள அனுப்புறதா? மறுகா இந்த வீட்டுல ஆரு இரிக்கிற, பல்லியா?"

"ஒரு வருசம்தான் வாப்பா."

"ஒரு வருசத்துக்கெண்டு போன ஆக்கள்ள ஆரு ஒரு வருசத்தில வந்த?"

உம்மா நதீரா குசினி அடுப்படியிலிருந்து, "தனியப் போய்ட்டு வாற புள்ளக்கி ஆரு மாப்பிள தருவான்" என்றாள்.

ஸப்னா போக நினைத்த நகரத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். கடலோர நகரம். கரையைக் கடல் அரிப்பதைப் பற்றிய படிப்பு அங்கே இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலேயே அவள் அந்த நகரத்தின் தெருக்களைப் போனில் திறந்து வைத்து நடந்து பார்ப்பாள். ரயிலை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பள்ளிவாசல் எந்த மூலையில், ஹலால் இறைச்சிக் கடையின் கதவு என்ன நிறம், எல்லாம் தெரியும். ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்துக்கு எழுத வேண்டிய கட்டுரையையும் அவள் எழுதி முடித்திருந்தாள். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் கடலுக்குப் போகும் பாதை கட்டையாகிக்கொண்டே வந்ததைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளையைப் பற்றிய கட்டுரை.

(அதை எனக்கு ஒருவர் காட்டினார். இங்கே எடுத்துப் போடலாமென்று நினைத்தேன். போட்டால் இந்தக் கதையில் நன்றாக எழுதிய பந்தி அது ஒன்றாகத்தான் இருக்கும். வேண்டாம்.)

4

அதே வளவில், வேலிக்கு அந்தப் பக்கம், சாச்சி றிபாவின் வீடு. நதீராவின் தங்கை. அவளுடைய மகள் முஸ்பிறா, ஸப்னாவுக்கு இரண்டு வயது இளையவள், அதே பல்கலைக்கழகத்தில் அதே பாடம் படித்தவள். அவளுடைய வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கிப் பல வருடம். அவளுக்கென்று தொடங்கிய வீடு அத்திவாரத்தோடு நின்றுவிட்டது. அதில் றிபா கீரை போட்டிருந்தாள்.

ஒலுவிலிலிருந்து அர்ஹம் என்ற மாப்பிள்ளை வந்தான். வீடு வேண்டாம் என்றான். ஊரே வாய் பிளந்தது. அவனுக்கு வேண்டியது வெளிநாட்டில் படிக்க இடமெடுக்கக்கூடிய பெண். அவள் மாணவியாகப் போனால், புருஷனாக அவனும் போகலாம்.

முஸ்பிறாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் எழுதி முடிந்த ஒரு பின்னேரம் அவள் கணினியைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டி வந்தாள்.

"ராத்தா, இந்தப் படிப்ப ஏன் படிக்கப் போறன் எண்டு எழுதணுமாம்."

"ஏன் படிக்கப் போறாய்?"

முஸ்பிறா மருதோன்றி மங்கிய நகத்தைப் பார்த்தாள். "அவருக்கு விசா எடுக்க."

"அத எழுதேலா புள்ள."

"அதுக்குத்தானே உங்களுக்கிட்ட வந்த."

ஸப்னா சிரித்துவிட்டாள். இதுவரை இருவரும் நல்லபடியாக இருந்தார்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

"நீங்க எழுதி வெச்சிருக்கீங்களே, அதத் தாங்க. அது சும்மாதானே கிடக்கு. உங்களுக்குத்தான் வெளிநாடு விருப்பமில்லையே."

"ஆரு சொன்ன?"

"பெரியும்மாதான். மாப்பிள வீட்டு ஆக்கள் முதல்ல உங்களத்தானே கேட்டு வந்த. அவளுக்கு அந்த ஆசையெல்லாம் விட்டுப்போச்சி எண்டு பெரியும்மா சொல்லிட்டாங்களாம்." முஸ்பிறா கதிரையில் காலை மடித்து உட்கார்ந்தாள். "எனக்கு நல்லதாப் போச்சி."

ஸப்னா எதுவும் —

ஸப்னாவின் முகம் — (இரண்டும் வேண்டாம்.)

ஸப்னா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். தான் எழுதியிருந்ததில் தன் பெயர் வந்த இடத்தில் முஸ்பிறாவின் பெயரைப் போட்டாள். பெயர் ஓர் இடத்தில்தான் வந்தது. மற்ற இடங்களிலெல்லாம் 'நான்' என்றுதான் இருந்தது. அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

5

(இந்தப் பகுதியை எழுதத் தயங்கினேன். தாயைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எளிது. ஆனால் இது நடந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.)

நதீரா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே உம்மா."

துருவல் நிற்கவில்லை. "கேட்டா நீ ஓம் எண்டிருப்பாய்."

"அப்ப?"

"அப்ப வாப்பாட வீட்டுக்கு ஆரு பதில் சொல்ற?"

6

பொறாமையை எப்படி எழுதுவது? அவள் நெஞ்சில் தீ — (இல்லை.) பாம்பைப் போல — (இல்லை.)

ஸப்னா செய்தவை இவை. முஸ்பிறாவுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கினாள். பிழையாகச் சொன்ன சொல்லைத் திருத்தினாள். சரியாகச் சொன்ன சொல்லையும் இன்னொரு தரம் சொல்லவைத்தாள். "இன்னும் வருகுதில்ல" என்பாள். வந்திருக்கும்.

காலையில் எழும்பியதும் அந்த நகரத்தின் காலநிலையைப் போனில் பார்த்தாள். மழை, காற்று, நடுங்கும் குளிர் என்றிருந்தால் அன்று சோறு இறங்கும். வெயில் என்றிருந்தால் யாரோடும் கதைக்கமாட்டாள்.

முஸ்பிறாவின் விண்ணப்பத்தை அனுப்பிய வாரம், ஸப்னா பின்னேர அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தி இருந்தாள். தன்னை மறந்து கேட்டால் எது வாயில் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைக் கேட்காமல் கையை இறக்கினாள். முஸ்பிறாவுக்குக் கிடைக்கட்டும் என்றும் கேட்கவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் கணினியில் வந்து முஸ்பிறாவை நேர்முகம் கண்டாள். இணையம் ஸப்னாவின் வீட்டில்தான் ஒழுங்காக வரும். ஆகவே நேர்முகம் அங்கேதான். ஸப்னா திரைச்சேலைக்கு இந்தப் பக்கம் இருந்தாள். ஏன் இந்தப் படிப்பு என்ற கேள்விக்கு முஸ்பிறா, மண் செருப்புக்குள் போகுமென்று கடற்கரைக்கு வரமாட்டாளே அந்த முஸ்பிறா, கடல் கரையைத் தின்றதைச் சொன்னாள். குரல் தளும்பியது. எழுத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தையும் சேர்த்தாள்: "இதையெல்லாம் பார்க்க எனக்குச் சொல்லித் தந்தது என்னுடைய அக்கா ஒருத்தி."

தன் சொந்தக் கதையில் ஸப்னா இப்போது 'அக்கா ஒருத்தி'. ஒரு வாக்கியத்தில் வந்து போகிறவள்.

முஸ்பிறா அதை நன்றியோடு சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஸப்னாவுக்கு அப்படித் தோன்றியதாக எழுதிப் பார்த்தேன். அவள் அந்த வாக்கியத்துக்குள் வர மறுத்தாள்.

விசா கிடைத்தது.

7

வெளியூர்க்காரருக்காக ஒரு விளக்கம். நீண்ட பயணம் போகிறவர்கள் புறப்படுமுன் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். அறிந்தோ அறியாமலோ செய்த பிழைகளை மன்னித்துவிடச் சொல்லிக் கேட்பது. முன்பு ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கேட்டார்கள். இப்போது படிக்கப் போகிறவர்களும் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவர் "பொருந்திட்டன்" என்று சொல்ல வேண்டும். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் பொருந்தாமல் அல்லாஹ்வும் பொருந்தமாட்டான் என்பது நம்பிக்கை. ஆகவே வேறொருவர் அதைச் சொல்ல முடியாது. இது எல்லோருக்கும் தெரியும்.

புறப்படும் நாள், பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. கொழும்புக்குப் போகிற வேன் ஒழுங்கை முனையில் நின்றது. அர்ஹம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ஸப்னாவின் வீட்டு மண்டபத்தில், அந்த மாபிள் தரையில், சொந்தக்காரப் பெண்கள் நிறைந்து நின்றார்கள். வாசல்பக்கம் மீராமுகைதீனும் சில ஆண்களும்.

முஸ்பிறா பெரியும்மாவிடம் கேட்டாள். அழுகை, முத்தம். மாமிமாரிடம் கேட்டாள். "போய் எங்கள மறந்திராத கிளி", "அங்கத்தயக் குளிருக்கு ஒழுங்காச் சாப்பிடு", "அவன இறுக்கிப் புடி, வெள்ளச்சிகள் கொத்திட்டுப் போயிருவாளுகள்." சிரிப்பு. கடைசியாக ஸப்னாவின் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"ராத்தா, தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு ஏதும் செஞ்சிருந்தா பொருந்திக்கங்க."

ஸப்னா பேசவில்லை.

எனக்கு மௌனங்கள் பிடிக்கும். இரண்டு பேர் ஒரு மணித்தியாலம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பக்கங்களை விரும்பி வாசிப்பேன். ஆனால் இந்த மௌனத்துக்குள் என்னால் நிற்க முடியவில்லை. ஸப்னாவுக்கு இப்படி எண்ணங்கள் வந்திருக்கும்: தெரியாமல் செய்தது எது? மாப்பிள்ளையா? அவனை இவள் எடுக்கவில்லை, இவளுக்குக் கொடுக்கப்பட்டான். தெரிந்து செய்தது எது? அந்தக் கட்டுரையா? அதை நானே கொடுத்தேன். இவள் ஒரு பிழையும் செய்யவில்லை. செய்திருந்தால் எவ்வளவு நல்லது. பொருந்தியாவது விடலாம்.

ஒரு பெண் செருமினாள். முஸ்பிறாவின் விரல்கள் இறுகின.

"ராத்தா?"

ஸப்னா வாயைத் திறந்தாள்.

"அவள் எப்பயோ பொருந்திட்டாள் மனே," என்றாள் நதீரா. "அல்லாஹ்வும் பொருந்திக்குவான். வேன்காரன் கத்துறான், ஏறுங்க ஏறுங்க."

"ஆமீன்," என்றார்கள் எல்லோரும். மார்க்கம் படித்தவர்களும் சொன்னார்கள். முஸ்பிறா மட்டும் ஸப்னாவின் வாயையே பார்த்தபடி பின்னோக்கி நடந்து, பிறகு திரும்பி, போனாள்.

8

முடிவுகள்:

அ) ஸப்னா வேனுக்கு ஓடி, கண்ணாடியில் தட்டி, "பொருந்திட்டன் புள்ள" என்கிறாள். (எழுதினேன். எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.)

ஆ) ஸப்னா எல்லோருக்கும் முன்னால் உம்மாவைப் பார்த்து, "நான் பொருந்தல்ல. நீங்க எனக்காகக் கதைக்க வேணாம்" என்கிறாள். (இதை வாசித்த ஒரு நண்பர் கை தட்டினார். அவர் அந்த வளவில் வாழவில்லை.)

இ) ஸப்னா முஸ்பிறாவிடம், "நீதான் எனக்குப் பொருந்தணும்" என்கிறாள். கையேந்தி எதையும் கேட்காமல் விட்ட அந்த அஸருக்காக. (எனக்கு மிகவும் பிடித்தது இது. பல தடவை திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் அழகானது.)

இ-யைக் கடைசித் தடவை திருத்திக்கொண்டிருந்தபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். நதீராவுக்குப் பக்கத்தில். அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். நான் அவளுக்குப் பதிலாக ஒரு சொல்லை எடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை கேட்டு வந்தபோது அவளுக்காகப் பதில் சொன்னார்கள். பொருத்தம் கேட்டபோதும் சொன்னார்கள். மூன்றாவது தடவை சொல்கிற ஆளாக நான் வேண்டாம்.

மூன்றையும் எடுத்துவிடுகிறேன். (மேலே தெரியட்டும், எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.) உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். இவ்வளவு தூரம் வாசித்தவருக்குத் தோன்றாமல் இராது. தயவுசெய்து அதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

9

இனி, யார் யார் என்னவானார்கள் என்பது.

அர்ஹம் அந்த நகரத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான். முதுகு வலிக்கிறது என்கிறான். திரும்பி வரும் யோசனை இல்லை.

முஸ்பிறா படிக்கிறாள். அந்தப் படிப்பு இப்போது அவளுக்கு உண்மையாகவே பிடித்துவிட்டது. ஆய்வுக் கட்டுரையைத் தானே எழுதுகிறாள், நன்றாக எழுதுகிறாளாம்.

றிபா அத்திவாரத்தில் இன்னும் கீரை போடுகிறாள்.

மீராமுகைதீனுக்கு இந்தப் போகம் விளைச்சல் பரவாயில்லை. மேல்மாடிக்குத் தூண் எழுப்பத் தொடங்கியிருக்கிறார். நதீரா மாப்பிள்ளை பார்க்கிறாள். இரண்டு இடம் வந்து தட்டிப்போனது.

ஸப்னா அந்த வீட்டில் இருக்கிறாள். முன் அறையில், வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பரீட்சைக்கு வகுப்பு எடுக்கிறாள். கட்டுரை எழுதித் தரச் சொல்லிக் கேட்பார்கள். எழுதிக் கொடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் முஸ்பிறா போன் எடுப்பாள். இருவரும் சுகம் விசாரித்துக்கொள்வார்கள். முஸ்பிறா மறுபடி பொருத்தம் கேட்கவில்லை. ஸப்னா இன்னும் சொல்லவில்லை.